ஜிப்சம் போர்டு: வாங்குமுன் ஒரு வியாபாரிக் கணக்கு



கடைக்கு மேலே மாடி எடுத்து அங்கே குடியிருப்பது நம் வணிகர்களில் பலருடைய வழக்கம். பிள்ளைகள் வளர்ந்ததும் ஒரு ஹாலை இரண்டு அறையாக்க வேண்டியிருக்கிறது. மகனுக்குத் திருமணம் என்றால் ஒரு அறையைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் இதற்குக் கொத்தனாரைக் கூப்பிட்டு நாலரை அங்குலச் செங்கல் சுவர் வைப்போம். இப்போது வேலைக்கு வருகிறவர், “அண்ணாச்சி, ஜிப்சம் போர்டு போட்டுவிடலாம், ரெண்டு நாளில் முடிந்துவிடும், சதுர அடிக்கு இவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் போகிறார். நாமும் சதுர அடியை விலையால் பெருக்கி, இவ்வளவுதான் செலவு என்று மனதில் முடிச்சுப் போட்டு விடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மண்டியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஒரு சில்லறைக் கடைக்காரர் கட்டட வேலை தொடங்கிய மறுமாதமே அவருடைய பாக்கி நீள ஆரம்பிக்கும். அவர் நாணயம் கெட்டவர் அல்ல. வங்கிக் கடனும் கைச்சேமிப்பும் போதாமல், கல்லாப் பணம் மாடிக்கு ஏறிவிடுகிறது. நம்மிடம் பல வருடமாகச் சரக்கெடுக்கும் ஒருவர் வீட்டில் ஃபால்ஸ் சீலிங் வேலை செய்தார். சொன்ன தொகை ஒன்று. முடிவில் வந்த பில் அதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஓரப் பட்டிக்குத் தனி, விளக்கு ஓட்டைக்குத் தனி, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கத் தனி, வண்டி வாடகை தனி. தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த பணம் அதில் போயிற்று. அந்தத் தீபாவளிக்கு அவர் கடையில் மைதாவும் சர்க்கரையும் கடலை மாவும் பாதி அளவுக்குத்தான் இருந்தன. வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். போனவர்கள் திரும்பி வரப் பொங்கல் ஆகிவிட்டது.

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பார்கள். சரக்கை எண்ணி, எடை பார்த்து, பில்லோடு ஒத்துப் பார்த்து இறக்குகிற நாம், வீட்டு வேலையில் மட்டும் அந்தப் பழக்கத்தை ஏன் விட வேண்டும்? இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

சரக்கு என்ன?

ஜிப்சம் நமக்குப் புதிதல்ல. நிலக்கடலைப் பயிருக்கு விவசாயிகள் இடுவதும், சிமெண்டில் சேர்ப்பதும் இதே கனிமம்தான். இதைச் சூடேற்றிப் பொடியாக்கினால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பாரிஸ் நகரின் மோன்மார்த் குன்றுப் பகுதியில் ஜிப்சம் வெட்டி எடுத்ததால் அந்தப் பெயர் வந்தது. அந்தப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, இரண்டு தடித்த காகிதங்களுக்கு நடுவே பலகையாக வார்த்து உலர்த்தினால் அதுதான் ஜிப்சம் போர்டு. அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894-இல் இதன் முன்னோடியான பலகைக்குக் காப்புரிமை பெற்றார். அங்கே வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் இதுதான். வனஸ்பதி என்றாலே நாம் டால்டா என்பதுபோல, அங்கே ‘ஷீட்ராக்’ என்ற கம்பெனிப் பெயரே சரக்கின் பெயராகிவிட்டது.

இந்தப் பலகையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, ஜிப்சத்தோடு கலந்து கட்டுண்ட நீர். தீப்பிடித்தால் முதலில் அந்த நீர் ஆவியாகிப் போக வேண்டும். அதுவரை பின்பக்கம் சூடு அதிகம் ஏறாது. தீயை இது சிறிது நேரம் தாங்குவதன் ரகசியம் இதுதான். ஆனால் வெளியிலிருந்து ஒழுகும் தண்ணீர் இதற்குப் பகை. நனைந்தால் காகிதம் உப்பும், பூஞ்சை பிடிக்கும், பலகை தொய்ந்து இறங்கும்.

எங்கே போடலாம், எங்கே கூடாது?

இதன் பெரிய பலன், எடை குறைவு. 12 அடி நீளம், 10 அடி உயரத்துக்கு நாலரை அங்குலச் செங்கல் சுவர் வைத்து இருபுறமும் பூசினால், அது ஏறக்குறைய 2,800 கிலோ வரும். நம் கணக்கில் சொன்னால் 100 கிலோ மூட்டை 28-ஐ ஒரே வரிசையில் மாடித் தளத்தின்மேல் அடுக்கி வைத்ததற்குச் சமம். அதே அளவு ஜிப்சம் சுவர், இரும்புச் சட்டத்தோடு சேர்த்தும் 300 கிலோவைத் தாண்டாது. அதாவது மூன்று மூட்டை. கீழே உத்தரம் இல்லாத இடத்தில், பழைய மாடியில், அறை பிரிக்க இதுவே நல்லது. அப்போதும் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுத் தளத்தைக் காட்டிவிடுவது நல்லது.

ஆனால் நம் தொழிலில் இருப்பவர்கள் நான்கு இடங்களில் இதைத் தவிர்க்க வேண்டும்.

முதலாவது, சரக்கு அறைக்கும் குடியிருக்கும் அறைக்கும் நடுவே. மளிகைச் சரக்கு இருக்கும் இடத்தில் எலி இருக்கும். ஜிப்சம் மெத்தென்ற பொருள், எலி அதைக் கடித்துத் துளைத்துவிடும். உள்ளே இருக்கும் வெற்றிடம் அதற்கு நல்ல வீடாகிவிடும். எண்ணெய் டின், சாக்கு, தீப்பெட்டி, கற்பூரம் எல்லாம் வைத்திருக்கிற அறைக்கு ஒட்டிப் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்றால், அங்கே செங்கல் சுவரே இருக்கட்டும்.

இரண்டாவது, கல்லா அறை, கடையின் பக்கச் சுவர், பின்கட்டுச் சுவர். ஒரு கத்தியும் சுத்தியலும் இருந்தால் சாதாரண ஜிப்சம் சுவரைச் சில நிமிடங்களில் திறந்துவிடலாம்.

மூன்றாவது, வெளிச்சுவர், குளியலறை, தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சுவர்.

நான்காவது, வெள்ளம் ஏறும் தரைத்தளம். 2015 டிசம்பரில் சென்னையில் கடைக்குள் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். செங்கல் சுவரைக் கழுவிக் காயவிட்டு வெள்ளையடிக்கலாம். ஊறிய ஜிப்சத்தை வெட்டி எறியத்தான் வேண்டும்.

ஒழுகுகிற மேல்தளத்தை மறைப்பதற்காக ஃபால்ஸ் சீலிங் போடுவதும் கூடாது. முதலில் ஒழுக்கை அடைத்து ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுப் போட வேண்டும். மறைத்துப் போட்டால் கம்பி துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

எந்த வகையை வாங்குவது?

சந்தையில் மூன்று வகை அதிகம் வருகிறது. சாதாரண வகை, வெள்ளை அல்லது பழுப்புக் காகிதம் உடையது. ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் இது போதும். ஈரம் தாங்கும் வகைக்குப் பொதுவாகப் பச்சைக் காகிதம். சமையலறைக்கு ஏற்றது. ‘ஈரம் தாங்கும்’ என்றால் காற்றில் உள்ள ஈரத்தைத் தாங்கும் என்றுதான் பொருள், தண்ணீரில் நிற்கும் என்பதல்ல. தீ தாங்கும் வகைக்குப் பொதுவாக இளஞ்சிவப்புக் காகிதம். மற்ற இரண்டையும்விட அதிக நேரம் தாங்கும். எத்தனை நிமிடம் என்பது பலகையை மட்டும் பொறுத்ததல்ல, சட்டம், பலகையின் கனம், அடுக்கு எல்லாம் சேர்ந்தது. விற்பவரிடம் சோதனைச் சான்று கேட்டுப் பார்க்கலாம். தண்ணீர் தெறிக்கும் இடத்துக்கு ஃபைபர் சிமெண்ட் போர்டு அல்லது கால்சியம் சிலிகேட் போர்டு தனியாகக் கிடைக்கிறது.

கனம் 12.5 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம், வீட்டு வேலைக்கு வழக்கமானது. நம் பக்கத்தில் அதிகம் கிடைப்பது 4 அடிக்கு 6 அடி. ஒரு போர்டு 24 சதுர அடி. 8 அடி, 10 அடி நீளத்திலும் வருகிறது. நீளப் பலகை வாங்கினால் மூட்டு குறையும். ஆனால் நம் வீட்டுப் படிக்கட்டு வளைவில் அது திரும்புமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாதாரண ஜிப்சம் போர்டுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரம் ஐ.எஸ். 2095, பகுதி 1. பலகையின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குவோம். இன்னொரு சோதனை நம் கடையிலேயே இருக்கிறது. அது தராசு. 4-க்கு 6 அளவில் 12.5 மில்லிமீட்டர் சாதாரண போர்டு ஏறக்குறைய 18 முதல் 20 கிலோ இருக்கும். இரண்டு கடை விலையை ஒப்பிடும்போது இரண்டு கடைப் பலகையின் எடையையும் ஒப்பிட வேண்டும்.

பலகையைவிட முக்கியம் உள்ளே போகும் துத்தநாகப் பூச்சு பூசிய தகட்டுச் சட்டம், அதாவது ஜி.ஐ. சேனல். விலை குறைப்பவர்கள் பெரும்பாலும் கை வைப்பது இதில்தான். வேலை முடிந்தபின் அது கண்ணுக்குத் தெரியாதல்லவா? வழக்கமான கனம் அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அதைவிட மெல்லிய தகடு என்றால் சுவர் தட்டினால் அதிரும், கதவு மோதினால் மூட்டு விரியும். ஒரே நீளமுள்ள இரண்டு சேனலைத் தராசில் வைத்தால் எது கனம் என்று உடனே தெரிந்துவிடும்.

சுவருக்கு ஒரு கணக்கு

மேலே சொன்ன சுவரையே எடுத்துக்கொள்வோம். நீளம் 12 அடி, உயரம் 10 அடி. நடுவே 3-க்கு 7 அடியில் ஒரு கதவு.

ஒரு பக்கம் 120 சதுர அடி. கதவு 21 சதுர அடி. கழித்தால் 99. இரண்டு பக்கமும் சேர்த்து 198 சதுர அடி. இதை 24-ஆல் வகுத்தால் எட்டேகால் போர்டு. கதவைக் கழிக்காமல் 240 சதுர அடி என்று எடுத்தால் சரியாக 10 போர்டு.

எதை வாங்குவது? பத்து. கதவைச் சுற்றி வெட்டுவதிலும், 10 அடி உயரத்துக்கு 6 அடிப் பலகையின்மேல் 4 அடித் துண்டு வைப்பதிலும் கழிவு உண்டு. கழிக்காமல் விட்ட அந்த 42 சதுர அடிதான் இந்தக் கழிவுக்கு. அதற்கு மேலும் “10 சதவீதம் வேஸ்டேஜ்” என்று ஒருவர் போட்டால் அது இரட்டைக் கழிவு. கதவைக் கழித்துக்கொண்டு 10 சதவீதம் சேர்க்கட்டும், அல்லது கழிக்காமல் விட்டுச் சேர்க்காமல் இருக்கட்டும். சிறிய வேலைக்கு இரண்டு வழியிலும் விடை 10-தான் வருகிறது.

சேனல்: தரையில் கதவு நீங்கலாக 9 அடி, மேலே 12 அடி, கதவு நிலைக்கு மேலே 3 அடி. ஆக 24 அடி. 12 அடி நீளம் என்றால் இரண்டு போதும் போலத் தோன்றும். முனை மடிப்புக்கும் வெட்டுக்கும் சேர்த்து மூன்று வாங்க வேண்டும்.

ஸ்டட் என்னும் நிற்கும் சட்டம்: 2 அடிக்கு ஒன்று. 12 அடியை 2-ஆல் வகுத்தால் 6, ஓரத்துக்கு ஒன்று சேர்த்து 7. கதவின் இருபுறமும் ஒவ்வொன்று. ஆக 9. “மூன்று அடிக்கு ஒன்று போதும்” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது. கதவு நிலை நிற்கும் இரண்டு ஸ்டட்டுக்குள்ளும் மரச்சட்டம் வேண்டும். அலமாரி, டி.வி., சாமி படம் மாட்டும் பலகை எங்கே வரும் என்பதை முன்பே சொல்லிவிட்டால் அங்கேயும் உள்ளே மரம் கொடுத்துவிடுவார்கள். பிறகு சொன்னால் வெறும் ஜிப்சத்தில் திருகு நிற்காது.

திருகு: ஒரு போர்டுக்கு 30 என்று வைத்தால் 300. மூட்டுகளுக்குக் காகித டேப் சுமார் 64 அடி, சுவர் மூலைகளுக்குத் தனியே கொஞ்சம். ஒரு ரோலில் மீதமே இருக்கும். மூட்டு நிரப்பும் கலவை ஒரு மூட்டை. அறைக்கு அறை பேச்சுக் கேட்கக் கூடாது என்றால் உள்ளே கண்ணாடிக் கம்பளியோ ராக் ஊலோ வைக்க வேண்டும். அது 100 சதுர அடி தனிக் கணக்கு.

இத்தனையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, நாம் கொள்முதல் செய்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் விலை கேட்டு வாங்குவோம். ஊருக்கு ஊர் விலை மாறும். எண்ணிக்கை மாறாது. எண்ணிக்கை நம் கையில் இருந்தால் விலையை யாரும் மறைக்க முடியாது.

ஃபால்ஸ் சீலிங் கணக்கு

15-க்கு 12 அடி அறை என்றால் 180 சதுர அடி. 24-ஆல் வகுத்தால் ஏழரை. 10 சதவீதம் கழிவு சேர்த்தால் எட்டேகால். ஆகவே 9 போர்டு. சுற்றுச் சுவரில் ஓடும் சேனல் 54 அடி, அதாவது 12 அடியில் 5. பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஒன்றரை அடிக்கு ஒன்று வீதம் 9. அதற்கு மேலே 4 அடி இடைவெளியில் ஓடும் சட்டம் இரண்டு வரிசை, ஒவ்வொன்றும் 15 அடி. இதற்கு 3 நீளம். அதைத் தளத்திலிருந்து தொங்கவிடும் பட்டை 4 அடிக்கு ஒன்று வீதம் 8.

நாம் கவனிக்க வேண்டியது அந்த ஒன்றரை அடியைத்தான். அதை 2 அடியாக்கினால் 9 சட்டம் 7 ஆகிவிடும். ஒப்பந்தக்காரருக்கு லாபம். ஒரு வருடத்தில் நடுவில் தொய்வது நம் வீட்டுப் பலகை.

மின்விசிறிக் கொக்கி தளத்தின் கம்பியில்தான் இருக்க வேண்டும். விசிறியை ஒருபோதும் ஜிப்சம் சட்டத்தில் தொங்கவிடக் கூடாது. பலகைக்கு மேலே போகும் ஒயர் குழாய்க்குள் போகட்டும், மூட்டு எல்லாம் பெட்டிக்குள் இருக்கட்டும். மறைவாக இருக்கும் இடத்தில் ஒயர் மூட்டைத் திறந்து விடுவதுதான் ஆபத்து.

கொட்டேஷனைப் படிக்கும் முறை

சதுர அடி விலை என்பது விலை அல்ல. அது விலையின் தொடக்கம். கையெழுத்துப் போடுமுன் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் கேட்டு வாங்குவோம்.

தடுப்புச் சுவரை ஒரு பக்கம் அளப்பார்களா, இரு பக்கமுமா? இரு பக்கம் என்றால் 120 சதுர அடி 240 ஆகிவிடும். கதவைக் கழிப்பார்களா? சீலிங்கில் படி படியாக இறங்கும் ஓரப் பட்டி சதுர அடியில் சேருமா, ஓடும் அடிக்குத் தனிக் கூலியா? விளக்கு ஓட்டை வெட்ட எவ்வளவு? டேப், மூட்டுக் கலவை, பட்டி, பெயிண்ட் இதில் அடங்குமா? சாரம், வண்டி வாடகை, மாடி ஏற்றும் கூலி யாருடையது? போர்டின் பெயர், கனம், சேனலின் கனம் எழுதியிருக்கிறதா? வரி சேர்ந்ததா, சேராததா?

இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தருபவர் சதுர அடிக்குச் சில ரூபாய் கூடக் கேட்டாலும் அவரே மலிவு. மேலே சொன்ன தீபாவளிக் கடைக்காரருக்கு இடித்தது சதுர அடி விலை அல்ல, கேட்காமல் விட்ட கேள்விகள்தான்.

பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிடக் கூடாது. சரக்கு இறங்கியதும் ஒரு பங்கு, சட்டம் அடித்து நாம் இடைவெளியை டேப் வைத்து அளந்தபின் ஒரு பங்கு, பலகை ஏறியதும் ஒரு பங்கு. கடைசிப் பத்து சதவீதத்தை ஒரு மாதம் கழித்துக் கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்வோம். மூட்டில் டேப் ஒட்டாமல் வெறும் பட்டி பூசியிருந்தால் விரிசல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குவோம். ஆனால் வீட்டு வேலைப் பில்லைக் கடைக் கணக்கில் ஏற்றி வரி வரவு எடுக்க நினைக்கக் கூடாது. கட்டட வேலைக்குச் சட்டம் பொதுவாக அதை அனுமதிப்பதில்லை. நம் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இறக்கி வைப்பது

சர்க்கரை மூட்டையை ஈரத் தரையில் அட்டி போட மாட்டோம். இதுவும் அப்படித்தான். தரையில் ஒரே உயரமுள்ள மரக்கட்டைகளை நெருக்கமாக வைத்து, அதன்மேல் படுக்கை வசத்தில் அடுக்க வேண்டும். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். தூக்கும்போது இரண்டு ஆள் செங்குத்தாகப் பிடித்துத் தூக்க வேண்டும். முனை உடைந்த பலகையை வண்டியிலேயே திருப்பி அனுப்புவோம். மழைக்காலத்தில் வேலை நடக்கும் நாளுக்கு முன்தினம் இறக்கினால் போதும். உடையாத மிச்சப் பலகையைத் திருப்பி எடுப்பார்களா என்று வாங்கும்போதே கேட்டு பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

நண்பர்களே, வீடு வேண்டியதுதான். நாள் முழுவதும் கடையில் நிற்கிற நமக்கு மாடியில் ஒரு நல்ல அறை வேண்டாமா? ஆனால் அந்த வீட்டுக்குச் சோறு போடுவது கீழே இருக்கும் கடை. வேலை தொடங்குமுன் மொத்தச் செலவை எழுதி, அதில் எதிர்பாராச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி, அது கடை முதலைத் தொடாமல் முடியுமா என்று பார்ப்போம். முடியாது என்றால் இந்த வருடம் சுவர் மட்டும், அடுத்த வருடம் சீலிங். ஜிப்சம் போர்டு அடுத்த வருடமும் கிடைக்கும். சரக்கில்லாத கடைக்கு ஒரு பண்டிகைக் காலம் தவறிப்போனால் அந்த வியாபாரம் திரும்பக் கிடைக்காது.